பக்கத்து மருத்துவக் கல்லூரியா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா? ஒரு சிறு மருத்துவமனை யாரோடு கைகோப்பது

போன மாதம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். 30 படுக்கை, இரண்டு நிரந்தர மருத்துவர்கள், சுற்றிலும் 18 கிராமங்கள். அவர் மேசையில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் இந்தக் கிராமங்களுக்கு அனுப்ப விரும்புகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் பற்றி ஐந்தாண்டு ஆய்வு நடத்த இடம் தேடுகிறது. ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஊசி குத்தாமலே ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கேட்கிறது. "மூன்றுக்கும் சரி சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது?" என்று கேட்கிறார்.

இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து இதுவரை நாலைந்து பேராவது கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் குழுவில், ஒன்பது ஆண்டுகளாகப் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி இந்தக் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் ஒருவராவது மருத்துவம் சாராத சாதாரண ஆளாக இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

யாருடைய பெயர் பெரிது, எவ்வளவு பணம் வரும் என்ற இரண்டையும்தான் எல்லா அறக்கட்டளைக் கூட்டத்திலும் முதலில் பேசுகிறார்கள். இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, கீழே உள்ள ஆறையும் கேட்டுப் பாருங்கள்.

இது யாருடைய கேள்வி? மிக முக்கியமானது இதுதான். வயலில் வேலை செய்யும்போது நெல்தாளோ மண்துகளோ கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் ஊரில் சாதாரணம். பணக்கார நாடுகளில் அது அபூர்வம். அதற்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆய்வு மையமும் சேர்ந்து ஆராய்ந்தன. பழைய மருந்தான நட்டமைசினையும் புதிய மருந்தான வோரிகொனசோலையும் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மருந்துதான் ஜெயித்தது. அதைப் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்குப் பார்வை மேலாக இருந்தது, கருவிழியில் ஓட்டை விழுவதும் குறைவாக இருந்தது. கேள்வி நம் வயலில் பிறந்தது. பதிலும் நம் வயலுக்கே திரும்பி வந்தது. உங்கள் மேசையில் இருக்கும் கோரிக்கையில் உள்ள கேள்வியை உங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் நேரம் எவ்வளவு தின்னும்? ஒருமுறை கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 11 பக்க ஒப்புதல் படிவத்தை ஒரு செவிலியர் ஒரு அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கைநாட்டு வாங்கி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி முடிக்க 50 நிமிடம் ஆனது. ரத்தம் எடுத்தது அதற்கு அப்புறம்தான். அந்த 50 நிமிடமும் அவர் வார்டில் இல்லை.

பணம் எந்த வழியாக வரும், எப்போது நிற்கும்? வருவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நின்றால் அந்தச் சம்பளத்தை நம்பி எடுத்த ஆட்களை என்ன செய்வது என்பதை முதல் நாளே பேச வேண்டும்.

தரவும் ரத்த மாதிரியும் யார் கையில்? உங்கள் நோயாளிகளின் பட்டியலை நீங்களே திறந்து பார்க்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது.

ரத்தம் கொடுத்தவருக்கு அடுத்த வாரம் என்ன கிடைக்கும்? ஆய்வில் ஒருவருக்குச் சர்க்கரை 380 என்று தெரிந்தால், அன்றைக்கே யார் பார்ப்பார்கள், மாத்திரை யார் தருவார்கள்?

அவர்கள் போன பிறகு என்ன மிஞ்சும்? ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், ஓடுகிற ஒரு லேப். இதில் ஏதாவது ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

## வாய்ப்பு 1: பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை

பகட்டு இல்லாத வாய்ப்பு. துறைத் தலைவர் ஒருவர், இரண்டு உதவிப் பேராசிரியர்கள், ஒரு வேன், வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள். பெரும்பாலான அறக்கட்டளைகள் இந்தக் கோரிக்கையைத்தான் கடைசியில் படிக்கின்றன. நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

நெருக்கமும் பொறுமையும் சேர்ந்தால் இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேலூர் சி.எம்.சி. நல்ல சாட்சி. வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரத்தில், சுமார் ஒரு லட்சம் மக்களிடையே, அவர்களுடைய சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. கிராமத்துப் பெண்களே பகுதி நேர சுகாதாரப் பணியாளர்கள். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்று அவர்கள் சொல்ல, செவிலியரும் மருத்துவரும் அதைச் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். ஒருவர் வீட்டிலேயே இறந்தால், குடும்பத்தாரிடம் பேசிக் காரணத்தைக் கண்டறிவார்கள்.

இப்படிச் சேர்ந்த 1994 முதல் 1999 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தபோது, தற்கொலைச் சாவுகள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 95 என்ற அளவில் இருந்தது தெரிந்தது. அதே ஆண்டுகளில் அரசுக் கணக்கு சொன்ன நாட்டுச் சராசரி 10, 11தான். போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் பயந்து குடும்பங்கள் மறைத்ததை, தெருவில் தினமும் பார்க்கும் ஒரு பெண்ணிடம் மறைக்கவில்லை. எந்த விலை உயர்ந்த கருவியும் இதைக் கண்டுபிடித்திருக்காது. அதே சி.எம்.சி. 1977-இல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் தொடங்கிய ரூசா மையமும் மருத்துவத்தோடு தொழிற்பயிற்சி, சமூகப் பணி என்று விரிந்து இன்றும் நடக்கிறது.

எல்லாக் கல்லூரியும் சி.எம்.சி. ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் இப்போது எல்லா மருத்துவக் கல்லூரிக்கும் கிராமம் தேவைப்படுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே சில குடும்பங்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பி.ஜி. மாணவர்களுக்குக் கட்டாயம் ஓர் ஆய்வேடு வேண்டும். அதாவது அவர்கள் உங்களுக்கு உதவி செய்ய வரவில்லை. அவர்களுக்கும் நீங்கள் தேவை. இது நல்ல விஷயம். இரண்டு பக்கமும் தேவை இருந்தால்தான் ஒப்பந்தம் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவுகள்? முதலாவது, ஆள் மாற்றம். ஆர்வமுள்ள பேராசிரியர் மாறுதலாகிப் போனால் வேன் வருவது நின்றுவிடும். அரசுக் கல்லூரியில் இந்த ஆபத்து கூடுதல். ஒப்பந்தம் துறையின் பெயரில் இல்லாமல் கல்லூரியின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டாவது, தேர்வு நேரம். மாணவர்கள் இரண்டு மாதம் வர மாட்டார்கள். மலேரியாவும் டெங்கும் தேர்வு அட்டவணை பார்ப்பதில்லை. மூன்றாவது, ஒரே வீட்டுக்கு ஆண்டுக்கு ஆண்டு புதிய மாணவர் வந்து அதே 60 கேள்விகளைக் கேட்பது. ஒரு பெரியவர் என்னிடம், "போன வருஷம் சொன்னதை எழுதி வச்சிருப்பாங்களே தம்பி, அதைப் பார்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பழைய மாணவரின் நோட்டு புதியவர் கைக்குப் போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். கல்லூரி மாணவர்களும் அதையே செய்தால் மக்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். அந்தப் பணியாளர்களும் கிராம சுகாதார செவிலியரும் செய்யாமல் விட்டது எது என்று கேட்டு, அங்கே மாணவர்களை அனுப்புங்கள்: படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள், மனநோயாளி இருக்கும் வீடுகள்.

## வாய்ப்பு 2: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு

இதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். இத்தகைய கூட்டுகளால் நம் குழந்தைகளுக்கு நன்மை கிடைத்ததும் உண்டு. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் அரவிந்தும் சேர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தன. பிறந்த இரண்டு நாட்களுக்குள் வைட்டமின் ஏ சொட்டு கொடுத்த குழந்தைகளிடையே ஆறு மாதத்துக்குள் நேர்ந்த சாவு அந்த ஆய்வில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது.

அதற்கும் முன்னோடி ஒன்று சென்னையில் உண்டு. பல்கலைக்கழகம் இல்லை என்றாலும், கூட்டு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து காசநோய் மையம் ஒன்றைத் தொடங்கின. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்ற காலம். படுக்கையோ இல்லை. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன என்ற கேள்வி நம்முடைய ஏழ்மையிலிருந்து வந்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீடு, சானடோரியம் என்று பிரித்து ஒரு வருடம் வைத்தியம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. ஐந்தாண்டுக்கு என்று தொடங்கிய அந்த மையம் மூடப்படவில்லை. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் போனார்கள், மையமும் ஆட்களும் இங்கேயே மிஞ்சினார்கள்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்கள், ஆய்வுக்கென்றே ஆள் வைத்திருந்த இடங்கள். 30 படுக்கை மருத்துவமனைக்கு இது எப்படி வந்து சேரும்? நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காக எங்கள் பக்கத்து ஐந்து கிராமங்களில் 800 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். காலை ஆறு மணிக்கே சாவடியில் பெஞ்சு போட்டு, ஐஸ் பெட்டியில் டியூப்களை அடுக்கி, வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு அப்புறம் இட்லியும் கொடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கையில் ஒரு சீட்டு கொடுத்து, "ரிசல்ட் வீட்டுக்கே வரும்" என்றார்கள். சர்க்கரை, ஹீமோகுளோபின் முடிவுகள் வந்தன. மற்ற முடிவுகள் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அங்கே போனபோது ஓர் அம்மா அந்தச் சீட்டை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார், பத்திரமாக மடித்து வைத்திருந்தார். "மிச்ச ரிசல்ட் எப்போ சார் வரும்?" என்றார். அந்த ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்த கமிட்டியில் நானும் இருந்தேன். முடிவுகளை எப்போது, யார் திருப்பிச் சொல்வது என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. அந்தச் சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். நேரம் முதலில். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு உங்கள் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் மட்டும் போதாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். ரத்த மாதிரி நாட்டை விட்டு வெளியே போவதென்றால் அதற்குத் தனி விதிகள். மருந்து ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். இதற்கெல்லாம் ஓடுவது உங்கள் அலுவலக எழுத்தர்தான்.

அடுத்தது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டுப் பணம் நன்கொடையாக வந்தால் அந்தப் பதிவு இல்லாமல் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. முன்பு 50 சதவீதம் வரை முடிந்தது. வாங்கியதில் ஒரு பகுதியைக் கூட்டாளித் தொண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிச் சின்னவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இதில் கால் வைக்காதீர்கள்.

மூன்றாவது, பணம் நிற்பது. 2025 மே மாதம் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், அங்கத்திய பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துத் தரும் துணை மானியங்களை, புதிய முறை வரும்வரை இனிமேல் தருவதில்லை என்று அறிவித்தது. அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் தவறு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட அறிவிப்பு ஒன்று வரும் நாளில், உங்கள் ஊரில் அந்தச் சம்பளத்தில் இருக்கும் ஆறு ஃபீல்டு ஒர்க்கர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

## வாய்ப்பு 3: தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்

கருவி என்றால் அறக்கட்டளை உறுப்பினர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. புகைப்படம் எடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம். நன்றாக அமைந்தால் இந்தக் கூட்டும் அற்புதமானது. சென்னை ஐ.ஐ.டி.யும் சங்கர நேத்ராலயாவும் சேர்ந்து செய்த நடமாடும் கண் அறுவை சிகிச்சைப் பேருந்து அப்படி ஒன்று. இரண்டு பேருந்துகளை நடுவில் இணைத்து, ஒன்றில் நோயாளியைத் தயார் செய்து, இன்னொன்றில் அறுவை. கூடாரத்திலும் பள்ளிக்கூடத்திலும் வைத்துக் கண்புரை அறுவை செய்தால் கிருமித் தொற்று வரும். எல்லாரையும் சென்னைக்குக் கூட்டி வரவும் முடியாது. இந்தத் தடங்கல் மருத்துவமனைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பொறியாளர்கள் அதற்கு வண்டி கட்டினார்கள். அதே ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி மையம் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட, உட்கார்ந்திருப்பவரை நிற்க வைக்கும் சக்கர நாற்காலியும், அதில் உட்காரப் போகிறவர்களைக் கூட வைத்துக்கொண்டு செய்ததுதான்.

இதற்கு நேர்மாறாக, ஒரு சிறு மருத்துவமனையின் அலமாரியில் 14 மாதமாகப் பூட்டிக் கிடந்த கருவி ஒன்றை எனக்குக் காட்டினார்கள். ஒரு பொறியியல் கல்லூரிக் குழு கொடுத்தது. அதன் மென்பொருளை எழுதிய மாணவர் படிப்பு முடிந்து வெளியூர் போய்விட்டார். அது ஒரு நாள் திறக்கவில்லை. கருவிக்குரிய ஸ்ட்ரிப் வேறு எங்கேயும் கிடைக்காது. லேப் டெக்னீஷியன் கருவியின்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார், தூசி படக் கூடாதென்று.

செலவைக் கணக்குப் போடும்போது கருவியின் விலையைப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் இலவசமாகத்தான் வரும். ஸ்ட்ரிப், பேட்டரி, ஆண்டுப் பராமரிப்பு, பழுதானால் யார் வருவார்கள், கரன்ட் ஏறி இறங்கினால் தாங்குமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது இது: இன்னும் அனுமதி பெறாத கருவியை நோயாளிகளிடம் சோதிப்பது 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வரும். எந்த அனுமதி வேண்டும், வாங்கியாயிற்றா என்று எழுத்தில் கேளுங்கள். "சும்மா டிரையல் பார்க்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சோதனைக் காலத்தில் அந்தக் கருவி சொல்லும் எண்ணை வைத்து மட்டும் யாருக்கும் மருந்து கொடுக்கவும் கூடாது. பழைய முறைப்படி லேபிலும் பார்க்க வேண்டும். அதாவது லேப் வேலை குறையாது, இரட்டிப்பாகும்.

## யாரும் கேட்காத நாலாவது வாய்ப்பு

உங்கள் ஊரிலேயே இருக்கும் கலைக் கல்லூரி. அங்கே மனையியல், சமூகப் பணி, உளவியல், சத்துணவியல் துறைகள் இருக்கும், என்.எஸ்.எஸ். இருக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சோறு எவ்வளவு, கேழ்வரகுக் களி எவ்வளவு என்று வீட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, மருத்துவ மாணவரைவிட ஒரு சத்துணவியல் மாணவி பொருத்தம். குடிப்பழக்கம், முதியோர் தனிமை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இவற்றுக்கெல்லாம் சமூகப் பணி மாணவர்கள் நல்ல துணை. அனுமதி வேலை அதிகம் இல்லை, பணமும் அதிகம் தேவையில்லை. மேற்பார்வைக்கு ஒரு மருத்துவர் வேண்டும், அவ்வளவுதான். மற்ற மூன்றில் எதை எடுத்தாலும் இதைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பக்கத்து மருத்துவக் கல்லூரி | வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் | தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் |
|---|---|---|---|
| கேள்வி யாருடையது | பேசி மாற்றலாம் | பெரும்பாலும் முன்பே முடிவானது | கருவியைப் பொறுத்தது |
| உங்கள் ஆள் நேரம் | வாரம் ஒரு நாள் அளவு | மிக அதிகம். தனி ஒருங்கிணைப்பாளர் வேண்டும் | லேபுக்கு அதிகம், மற்றவர்க்குக் குறைவு |
| கைக்கு வரும் பணம் | ஏறத்தாழ இல்லை | உண்டு. திடீரென நிற்கலாம் | கொஞ்சம். பெரும்பாலும் கருவியாக வரும் |
| அனுமதிகள் | எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு என்றால்) | எத்திக்ஸ் கமிட்டி, அமைச்சகக் குழு, எஃப்.சி.ஆர்.ஏ. | எத்திக்ஸ் கமிட்டி, கருவி விதிகள் |
| தரவு | இரு பக்கமும் வைக்கலாம் | ஒப்பந்தத்தில் போராட வேண்டும் | மென்பொருள் யாரிடமோ அவரிடம் |
| மக்களுக்கு உடனே | மருத்துவர் வீட்டுக்கு வருகிறார் | சில பரிசோதனைகள் | தாமதமாகும் |
| போன பிறகு மிஞ்சுவது | பதிவேடு, பழகிய மருத்துவர்கள் | லேப், பயிற்சி பெற்றவர்கள் (கேட்டு வாங்கினால்) | கருவி (பராமரிப்பு இருந்தால்) |

## எப்போது எது

உங்களிடம் கிராமவாரியாக ஒரு பதிவேடு கூட இல்லை, யாருக்கு என்ன நோய் என்று சரியாகத் தெரியாது என்றால் மருத்துவக் கல்லூரிதான். முழுநேர மருத்துவர்கள் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தாலும் அதுதான்.

வெளிநாட்டு ஆய்வு எப்போது சரி? உங்களிடம் ஏற்கெனவே நல்ல பதிவேடு இருக்கிறது. உள்ளூரில் அடிக்கடி வரும் ஒரு நோய்க்கு விடை தெரியவில்லை. ஆய்வைத் திட்டமிடும்போதே உங்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் உங்கள் மருத்துவரின் பெயரும் வரும். பணம் நின்றால் ஆறு மாதம் சமாளிக்கக் கையிருப்பு உண்டு. இவ்வளவும் இருந்தால் தயங்காதீர்கள். நம் கிராமத்துக் கேள்விக்கு உலகத் தரமான விடை கிடைக்க வேறு வழி அநேகமாக இல்லை. கூட்டாளி இதற்கு முன் இந்தியாவில் என்ன செய்தார் என்று மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். முன்பு பதிந்த ஆய்வுகள் முடிந்தனவா, முடிவு வெளியானதா என்று பாருங்கள்.

தொழில்நுட்பக் கூட்டு, உங்கள் தடங்கல் உங்களுக்கே தெளிவாகத் தெரியும்போது மட்டும். "மலைக் கிராமத்திலிருந்து ரத்த மாதிரி லேபுக்கு வர நாலு மணி நேரம் ஆகிறது, கெட்டுப்போகிறது" என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் பொறியாளரிடம் போங்கள். கருவி முதலில் வந்து, அதற்குத் தகுந்த நோயாளியை நீங்கள் தேடுவதாக இருந்தால் வேண்டாம்.

## கையெழுத்துக்கு முன்

எந்த வாய்ப்பாக இருந்தாலும், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலத் தரவின் முழுப் பிரதி மருத்துவமனையிடம் இருக்கும். பரிசோதனை முடிவுகளை எத்தனை நாளுக்குள் யார் நேரில் சொல்வார்கள் என்று நாள் கணக்கோடு இருக்கும். ஆய்வால் யாருக்காவது பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவும் இழப்பீடும் யாருடையது என்று இருக்கும். பாதியில் நின்றால் ஊழியர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று இருக்கும். முடிந்ததும் கிராமசபையில் தமிழில் முடிவைச் சொல்வார்கள் என்று இருக்கும்; சுவரொட்டி ஒட்டினால் போதாது.

ஒப்புதல் பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் பகுதியில் பள்ளிச் சிறுமிகளிடம் நடந்த எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) தடுப்பூசித் திட்டம் நிறுத்தப்பட்டது. அதை விசாரித்தபோது, பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. அவசரத்தில் இப்படித்தான் ஆகும். ஆகவே அந்த 50 நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். படிவத்தைச் சுருக்கச் சொல்லுங்கள், ஊர்ப் பேச்சில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டுவதை நிறுத்தக் கூடாது.

செயலாளருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியோடு கையெழுத்துப் போடுங்கள். 18 கிராமங்களையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் மூன்றில் மட்டும் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைப் பதிவேட்டுக்கு நியமித்து, அவருக்கு மாதாமாதம் தவறாமல் சம்பளம் கொடுங்கள். வெளிநாட்டுக்காரர்களிடம் 18 மாதம் கழித்து வரச் சொல்லுங்கள், அதற்குள் உங்கள் ஊர் சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ரத்தசோகைக் கருவிக்காரர்களிடம் அனுமதிக் கடிதத்தின் நகலும், உதிரிபாகங்கள் மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் கேளுங்கள்.

அவர் பதில் எழுதியிருக்கிறார். முதல் கிராமத்துக்குப் பதிவேட்டுப் பெண் கிடைத்துவிட்டாராம். பத்தாம் வகுப்பு படித்தவர், ஊரில் எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவர்.